மழை நாட்டில் ஒரு பாலைச் செடி

கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்குச் செல்லும் கூட்டரசு நெடுஞ்சாலையின் ஓரத்தில், பெட்டாலிங் ஜெயா நகர எல்லைக்குள் சுங்கை வே இருக்கிறது. இரயில் நிலையத்திலும் பெயர்ப்பலகைகளிலும் இன்று ‘ஸ்ரீ செத்தியா’ என்ற பெயரைத்தான் காணலாம். ஆனால், அங்கு வாழ்பவர்களின் பேச்சில் பழைய பெயர் இன்னும் நிலைத்திருக்கிறது. அவசரகாலத்தின்போது புதுக்கிராமமாக உருவான இவ்வூரை ஒட்டி, 1970களில் தடையற்ற வாணிப வட்டாரம் அமைந்தது. மின்னியல் தொழிற்சாலைகள் வந்தன. அவற்றோடு, தோட்டப்புறங்களிலிருந்து வேலை தேடி வந்த குடும்பங்களும் கிள்ளான் பள்ளத்தாக்கில் குடியேறின.

தோட்டத்து லயன் வீட்டு வாசலில் மண்ணுக்குப் பஞ்சமில்லை. பட்டணத்து வரிசை வீட்டிலோ, வாசலுக்கும் இரும்புக் கதவுக்கும் இடையே இருப்பது சிமெண்டுத் தரை மட்டுமே. ஆகவே, செடிகள் பூச்சாடிக்குள் குடியேறின. கறிவேப்பிலை வளர்ந்தது. துளசியும் வளர்ந்தது. கற்றாழைதான் பலரையும் ஏமாற்றியது.

வாங்கி வந்த நாளில் அது பச்சைப்பசேல் என்றிருக்கும். காலையில் மற்றச் செடிகளுக்கு நீர் ஊற்றும்போது அதற்கும் ஒரு குவளை கிடைக்கும். இரண்டு மாதம் கழிவதற்குள் அடியிலைகள் மஞ்சளாகும். பிறகு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறித் தொங்கும். ‘பாவம், வாடுகிறதே’ என்று இன்னும் ஒரு குவளை ஊற்றுவார்கள். அடுத்த வாரம் இலையைப் பிடித்துத் தூக்கினால் செடி அப்படியே கையோடு வந்துவிடும். அடியில் வேர் இருந்த இடத்தில் கருத்த கூழ்தான் மிஞ்சியிருக்கும். வறட்சியைத் தாங்கும் செடி என்று பெயரெடுத்த ஒன்று, நீருக்குக் குறைவே இல்லாத ஊரில் ஏன் மடிய வேண்டும்? இதற்கான விடை அச்செடியின் உடலமைப்பிலேயே இருக்கிறது.

அதன் பெயரும் ஒரு குறிப்பைத் தருகிறது. கற்றாழை என்னும் சொல்லைக் கல் + தாழை எனப் பிரிப்பர். நிலைமொழியின் ஈற்றில் உள்ள லகரமும் வருமொழியின் முதலில் உள்ள தகரமும் சேர்ந்து ‘ற்ற’ என்று ஆகும் இப்புணர்ச்சியை, கல் + தூண் = கற்றூண் என்பதிலும் காணலாம். தாழை மடலைப் போல நீண்டு, ஓரத்தில் முள்வரிசை கொண்ட இலை. கல்லும் மணலுமான இடத்தில் வளரும் இயல்பு. இரண்டும் பெயருக்குள் அடங்கிவிடுகின்றன. வீடுகளில் வளர்க்கப்படுவது சோற்றுக்கற்றாழை. சோறு என்பது சமைத்த அரிசியை மட்டும் குறிக்கும் சொல் அன்று. மரஞ்செடிகளின் உள்ளே இருக்கும் மென்மையான சதைப்பற்றுக்கும் தமிழில் சோறு என்றே பெயர். மலாய்மொழியில் இச்செடியை ‘லீடா புவாயா’, அதாவது முதலையின் நாக்கு, என்பர். மலாய் இலையின் வெளித்தோற்றத்தைப் பார்த்துப் பெயரிட்டது. தமிழ் இலையைப் பிளந்து உள்ளே பார்த்துப் பெயரிட்டது. சித்த மருத்துவத்தில் இதற்குக் குமரி என்ற பெயரும் உண்டு.

பெயர் ஒன்றாக இருப்பதால் ஏற்படும் ஓர் ஆபத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஆனைக்கற்றாழை எனப்படும் பெருஞ்செடி சோற்றுக்கற்றாழையின் உறவு அன்று. அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து உலகெங்கும் பரவிய வேறொரு குடும்பத்துச் செடி. அதன் இலை நார் நிறைந்தது. நுனியில் ஊசிபோன்ற கடினமான முள் இருக்கும். அதன் சாறு தோலில் பட்டால் அரிப்பும் தடிப்பும் உண்டாகும். பூங்காவிலோ சாலையோரத்திலோ அழகுக்காக நடப்பட்டிருக்கும் ஆனைக்கற்றாழையைச் சோற்றுக்கற்றாழை என்று எண்ணி ஒடித்து முகத்தில் பூசுவது வினையில் முடியும்.

சோற்றுக்கற்றாழையின் பூர்வீகம் அரேபியத் தீபகற்பம். ஓமான் நாட்டின் வடபகுதி மலைகளில் அது இயற்கையாக வளர்கிறது. அந்நாட்டின் தலைநகரான மஸ்கட்டில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 100 மில்லிமீட்டர்தான். கோலாலம்பூர் வட்டாரத்தில் ஆண்டு மழை 2400 மில்லிமீட்டரையும் தாண்டும். மஸ்கட்டின் ஓராண்டு மழை இங்கு ஒரே மாலையில் கொட்டித் தீர்க்கும் நாள்களும் உண்டு. தமிழ்நாட்டின் தூத்துக்குடி வட்டாரத்தில் தேரி எனப்படும் செம்மணல் மேடுகள் இருக்கின்றன. கற்றாழைக்கு ஏற்ற அந்தப் பகுதியிலும் சராசரி ஆண்டு மழை 700 மில்லிமீட்டருக்குக் குறைவே. ஐந்திணைகளுள் பாலைக்கு உரிய இயல்புடைய ஒரு செடியை மருதத்தைவிட ஈரமான நிலத்தில் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று சொல்லலாம்.

பாலையில் பிழைப்பதற்குக் கற்றாழை கையாளும் வழி வியப்பானது. எல்லாச் செடிகளும் உணவு தயாரிக்கக் கரிவளியை உள்வாங்க வேண்டும். அதற்காக இலையில் நுண்ணிய துளைகள் உள்ளன. பெரும்பாலான செடிகள் அத்துளைகளைப் பகலில் திறக்கின்றன. அப்போது கரிவளி உள்ளே வரும். அதே வேளையில் இலையின் ஈரமும் ஆவியாகி வெளியேறும். கொளுத்தும் பாலை வெயிலில் இப்படிச் செய்தால் செடி காய்ந்து சருகாகிவிடும். எனவே, கற்றாழை பகலில் துளைகளை மூடிக்கொள்கிறது. இரவு குளிர்ந்ததும் அவற்றைத் திறந்து கரிவளியை வாங்கி, அதை ஓர் அமிலமாக மாற்றி இலைக்குள் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் கதவை அடைத்துவிட்டு, சேமித்த கரிவளியைக் கொண்டு சூரிய ஒளியில் உணவு தயாரிக்கிறது. அன்னாசியும் இதே முறையில்தான் வாழ்கிறது. இலைத்தோலின் மேல் மெழுகுபோன்ற பூச்சும் உண்டு. உள்ளிருக்கும் சோற்றில் 98 விழுக்காட்டுக்கும் மேல் நீர்தான். ஒவ்வோர் இலையும் ஒரு தண்ணீர்த் தொட்டி எனலாம்.

இதை மெய்ப்பிக்கும் காட்சியைத் தமிழர் வீடுகளிலேயே பார்க்கலாம். கண்ணேறு படாமல் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையில், கற்றாழையை வேரோடு பிடுங்கி நிலைப்படியின் மேல் தலைகீழாகக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் உண்டு. மண்ணும் இல்லை, நீரும் இல்லை. ஆயினும் அது பல மாதங்கள் உயிரோடு இருக்கும். நம்பிக்கை ஒருபுறம் இருக்கட்டும். தொங்கும் செடியை உற்றுப் பார்த்தால், வெளியிலைகள் சுருங்கி வர, நடுக்குருத்து மட்டும் பசுமையாக நீள்வது தெரியும். அது தன் பழைய இலைகளில் சேர்த்து வைத்த நீரையே செலவழித்துக் குருத்தைக் காப்பாற்றுகிறது. சில வேளைகளில் குருத்து வளைந்து மேல்நோக்கித் திரும்பிவிடும். வீட்டார் தலைகீழாகக் கட்டினாலும் செடிக்கு எது மேல், எது கீழ் என்று தெரியும்! வாசலில் நீரின்றித் தொங்கும் செடி வாழ்வதும், அதே வீட்டுப் பூச்சாடியில் தினமும் நீர் குடிக்கும் செடி அழுகுவதும் ஒரே காரணத்தால்தான்.

நீர் நிறைந்தால் வேர் ஏன் அழுகுகிறது? வேரும் மூச்சுவிட வேண்டும். மண்துகள்களுக்கு இடையே உள்ள சிறு இடைவெளிகளில் இருக்கும் காற்றிலிருந்து அது உயிர்வளியைப் பெறுகிறது. அந்த இடைவெளிகளை நீர் நிரப்பிக்கொண்டு வடியாமல் நின்றால் வேர் மூச்சுத் திணறி வலுவிழக்கும். வலுவிழந்த வேருக்குள் ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகள் எளிதில் நுழையும். வேர் போனபின் செடியால் நீரை உறிஞ்ச முடியாது. எனவே இலை வாடும். ஈரமண்ணில் நிற்கும் செடி தாகத்தால் வாடுவதுபோலத் தோன்றுவது இதனால்தான். அதைப் பார்த்து மேலும் நீர் ஊற்றுவது, மூழ்குபவரின் வாயில் தண்ணீர் புகட்டுவதற்கு ஒப்பாகும்.

சுங்கை வே வட்டாரத்து மண்ணுக்கு ஒரு கதை உண்டு. இப்பகுதியில் ஒரு காலத்தில் ஈயச் சுரங்கங்கள் இருந்தன. அருகிலுள்ள கிளானா ஜெயாவின் ஏரிகள் பழைய ஈயக்குட்டைகளே. பண்டார் சன்வே நகரும் ஈயம் தோண்டிய நிலத்தில் எழுந்ததுதான். ‘சன்வே’ என்ற பெயரே சுங்கை வேயின் சுருக்கம். ஈயம் அலசிய இடங்களில் இரண்டு வகை மண் மிஞ்சும். ஒன்று, நீரைச் சட்டென்று கீழே விட்டுவிடும் சத்தற்ற வெறும் மணல். மற்றொன்று, மாவுபோல் நுண்மையாக இருந்து, நனைந்தால் நீரைப் பிடித்து வைத்து, காய்ந்தால் கல்லாகிவிடும் சேறு. முன்பு ஈயம் எடுக்கப்பட்ட நிலத்தில் பத்தடி தள்ளித் தோண்டினாலும் மண் மாறக்கூடும். போதாக்குறைக்கு, வீடமைப்புப் பகுதிகளில் கட்டுமானத்தின்போது கொட்டி நிரப்பிய செம்மண்ணும் கட்டடக் கழிவும் மேலே கிடக்கும்.

ஆகவே, நிலத்தில் நட விரும்புவோர் முதலில் ஒரு சிறிய சோதனை செய்து பார்க்கலாம். பள்ளித் தோட்டத்திலும் இதை எளிதாகச் செய்யலாம். ஒரு முழ அகலமும் ஒரு முழ ஆழமும் உள்ள குழியைத் தோண்டி நீர் நிரப்ப வேண்டும். அது வடிந்ததும் மீண்டும் ஒருமுறை நிரப்ப வேண்டும். இரண்டாம் முறை ஊற்றிய நீர் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் இறங்கிவிட்டால் அவ்விடம் கற்றாழைக்கு ஏற்றது. மறுநாள் காலையிலும் குட்டையாக நின்றால், அங்கே கங்குங் கீரை போடுவதுதான் புத்திசாலித்தனம்.

அப்படியானால் மழை மிகுந்த ஊரில் கற்றாழையே வளராதா? வளரும். அதற்குச் சிறந்த சான்று போர்னியோ தீவில் இருக்கிறது. இந்தோனேசியாவின் மேற்குக் கலிமந்தான் மாநிலத் தலைநகரான பொந்தியானா நிலநடுக்கோட்டின் மீதே அமைந்த நகரம். கோலாலம்பூரைவிடவும் அங்கு மழை அதிகம். நிலமோ நீர் ஊறிய கரிச்சதுப்பு மண். கற்றாழைக்கு அதைவிடப் பொருந்தாத இடத்தைத் தேடிப்பிடிப்பது கடினம். இருந்தும், அந்நகரம் கற்றாழை விளைச்சலுக்கே பெயர் பெற்றது. ஓர் இலை ஒரு கிலோ எடைவரை வளர்வதுண்டு. கற்றாழைச் சோற்றைத் துண்டு துண்டாக நறுக்கிச் சர்க்கரைப் பாகில் போட்ட குளிர்பானம் அங்கு வரும் பயணிகள் தேடிக் குடிக்கும் பொருள். விவசாயிகள் அங்கே மண்ணை மேட்டுப்பாத்திகளாக உயர்த்தி, இடையிடையே வடிகால் வெட்டி வைத்திருக்கிறார்கள். சதுப்பு மண்ணின் புளிப்பைக் குறைக்கச் சாம்பல் இடுகிறார்கள். மழை மேலிருந்து எவ்வளவு கொட்டினாலும், அது வேரைச் சுற்றித் தேங்காமல் வடிகாலுக்குள் ஓடிவிடுகிறது. கற்றாழையைக் கொல்வது பெய்யும் நீர் அன்று, நிற்கும் நீர் என்பதைப் பொந்தியானா விவசாயிகள் காட்டிவிட்டார்கள்.

சுங்கை வே வீட்டு வாசலில் மேட்டுப்பாத்தியின் வேலையைப் பூச்சாடி செய்ய வேண்டும். மெருகு பூசாத மண்சாடி நல்லது. அதன் சுவர் வழியாகவும் ஈரம் வெளியேறும். பிளாஸ்டிக் சாடியாக இருந்தால் அடியில் நான்கைந்து துளைகளாவது இருக்க வேண்டும். கற்றாழையின் வேர் ஆழமாகச் செல்வதைவிடப் பக்கவாட்டில் பரவுவதையே விரும்பும். எனவே, உயரமான சாடியைவிட அகலமான சாடியே ஏற்றது. சிறிய செடியைப் பெரிய சாடியில் வைப்பதும் தவறு. வேர் எட்டாத மண்ணில் ஈரம் நாள்கணக்கில் தங்கிவிடும். வேர்க்கட்டியைவிட இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தால் போதும்.

மண் கலவையில்தான் பெரும்பாலோர் இடறுகிறார்கள். கடைகளில் மூட்டையாக விற்கும் கறுப்பு மண் கீரைக்கும் ரோசாவுக்கும் நல்லது. கற்றாழைக்கு அது மட்டும் போதாது, ஏனெனில் அது நீரைப் பிடித்து வைக்கும். தேங்காய் நார்த்தூளும் அப்படித்தான். ஒரு பங்கு மண்ணுடன் ஒரு பங்கு சொரசொரப்பான ஆற்றுமணலும், ஒரு பங்கு கருக்கிய உமியும் கலந்தால் நல்ல கலவை கிடைக்கும். கருக்கிய உமியை இந்நாட்டு நாற்றுப் பண்ணைகளில் ‘செக்காம் பாக்கார்’ என்று கேட்டு வாங்கலாம், விலையும் மலிவு. உமி கிடைக்காவிட்டால் உடைத்த செங்கல் துண்டுகளைப் பட்டாணி அளவில் சேர்க்கலாம். மணல் மிக நுண்மையாக இருக்கக்கூடாது. கட்டட வேலைக்குச் சலித்த பொடிமணல் மண்ணோடு சேர்ந்து இறுகிவிடும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அது வேண்டவே வேண்டாம். கலவை சரியா என்பதைக் கையாலேயே அறியலாம். நனைத்து உள்ளங்கையில் இறுகப் பிடித்துத் திறந்தால் உருண்டையாக நிற்காமல் உதிர வேண்டும்.

நாற்றுப் பண்ணை என்றதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் பலருக்கும் நினைவுக்கு வரும் இடம் சுங்கை பூலோ. அங்கே சாலையின் ஓரங்களில் வரிசையாக இருக்கும் செடிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு வரலாறு உண்டு. 1930ஆம் ஆண்டில் அங்கு ஒரு தொழுநோய்க் குடியிருப்பு திறக்கப்பட்டது. நோய் கண்டவர்கள் குடும்பத்தைப் பிரிந்து அங்கேயே வாழ வேண்டியிருந்தது. பிறகு பயனுள்ள மருந்து வந்து, நோய் குணமான பின்னரும், வெளியுலகம் தங்களை ஏற்குமா என்ற தயக்கத்தால் பலர் அங்கேயே தங்கிவிட்டனர். பிழைப்புக்காக அவர்கள் பூச்செடிகள் வளர்த்து விற்கத் தொடங்கினர். இன்று வீட்டு வாசல்களில் இருக்கும் பல செடிகளின் மூதாதையர் அவர்களுடைய கைகளால் பதியமிடப்பட்டவை. நோயின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களிடமிருந்து ஊரார் செடி வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டார்கள் என்பது எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி.

நீர் ஊற்றுவதற்குக் கிழமைக் கணக்கு எதுவும் இல்லை. ‘வாரம் ஒருமுறை’ என்ற பொது விதி வறண்ட நாடுகளுக்குப் பொருந்தலாம், இங்கு பொருந்தாது. ஏப்ரலிலும், அக்டோபர், நவம்பர் மாதங்களிலும் கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலைதோறும் மழை கொட்டும். அப்போது திறந்த வெளியில் உள்ள கற்றாழைக்குக் கையால் ஒரு சொட்டுகூட ஊற்ற வேண்டியதில்லை. முடிந்தால் கூரைக்கடியில் நகர்த்தி வைக்கலாம். மழை சற்றுக் குறையும் ஜூன், ஜூலை மாதங்களில் கூரைக்கடியில் இருக்கும் செடிக்குப் பத்து நாளுக்கு ஒருமுறை தேவைப்படலாம். எதையும் ஊகிக்க வேண்டாம். ஒரு சாத்தே குச்சி போதும். அதைச் சாடியின் அடிவரை செருகி, சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பார்க்க வேண்டும். குச்சியில் ஈரமோ மண்ணோ ஒட்டியிருந்தால் காத்திருக்கலாம். காய்ந்து வந்தால், அடித்துளை வழியாக வழியும் வரை நன்றாக ஊற்றிவிட்டு, மீண்டும் குச்சி காயும் வரை மறந்துவிடலாம். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதுதான் மிகக் கெட்ட முறை. இலைகள் கூடும் நடுக்குருத்தில் நீர் தேங்காதபடி மண்ணை ஒட்டி ஊற்றுவது நல்லது.

சாடியிலிருந்து வடியும் நீர் தரையை அழுக்காக்காமல் இருக்கச் சிலர் அடியில் தட்டு வைக்கிறார்கள். அந்தத் தட்டு கற்றாழைக்கு மட்டும் தீங்கன்று. அதில் தேங்கும் தெளிந்த நீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிட விரும்பும். முட்டை பொரிந்து புழுவாகிக் கூட்டுப்புழுவாகிக் கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரமே போதும். நாட்டில் டிங்கிக் காய்ச்சல் மிகுதியாகப் பதிவாகும் மாநிலங்களுள் சிலாங்கூர் முன்னணியில் இருக்கிறது. வீட்டு வளாகத்தில் கொசுப்புழு இருப்பது கண்டுபிடிக்கப்பட்டால், நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதம் விதிக்கலாம். தட்டை எடுத்துவிட்டு, சாடியை இரண்டு செங்கற்களின் மேல் தூக்கி வைத்தால் வேருக்கும் காற்று, வீட்டாருக்கும் நிம்மதி.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, கிழக்குப் பார்த்த வாசல் மிக நல்லது. காலை வெயில் நான்கைந்து மணி நேரம் கிடைத்தால் இலைகள் தடித்து நிமிர்ந்து நிற்கும். நிழலிலேயே வைத்தால் இலைகள் மெலிந்து நீண்டு சாய்ந்துவிடும். அதற்காக, பண்ணைக் கூரைக்கடியில் இருந்த செடியை வாங்கி வந்த அன்றே உச்சி வெயிலில் வைத்தால், அது இரண்டொரு நாளில் செம்பழுப்பு நிறமாகிவிடும். அது நோய் அன்று. கடும் வெயிலுக்குச் செடி காட்டும் எதிர்வினை. நிழலுக்கு நகர்த்தினால் நாளடைவில் பச்சை திரும்பும். உரம் அதிகம் தேவையில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு கைப்பிடி மட்கிய உரம் இட்டால் போதும். பச்சைக் கோழிச் சாணம் இட்டால் வேர் வெந்துபோகும்.

இலையிடுக்குகளில் பஞ்சுத் துணுக்குபோல் வெள்ளையாகத் தெரிவது மாவுப்பூச்சி. அதன் இனிப்பான கழிவுக்காக எறும்புகள் அதைக் காவல் காக்கும். எனவே, செடியில் எறும்பு ஊர்ந்தால் முதலில் இலையின் அடிப்பகுதியைப் பார்க்க வேண்டும். சவர்க்கார நீரில் நனைத்த பஞ்சால் துடைத்து எடுத்தாலே பெரும்பாலும் போய்விடும்.

அழுகத் தொடங்கிய செடியையும் சில வேளைகளில் காப்பாற்றலாம். சாடியிலிருந்து எடுத்து, மண்ணை உதறி, கருத்த வேரையும் கூழான இலையையும் சுத்தமான கத்தியால் வெட்டி எறிய வேண்டும். வெட்டிய இடத்தில் பழுப்புப் புள்ளிகூட இல்லாமல் வெண்மையாகத் தெரியும் வரை வெட்டத் தயங்கக்கூடாது. வேரே மிஞ்சாமல் போனாலும் பரவாயில்லை. மழை படாத, காற்றோட்டமான நிழலில் ஒரு வாரம் போட்டு வைத்தால் வெட்டுவாய் காய்ந்து மூடிக்கொள்ளும். வாசலில் தலைகீழாகத் தொங்கி மாதக்கணக்கில் வாழும் செடிக்கு ஒரு வாரம் பெரிதன்று. பிறகு காய்ந்த மணற்கலவையில் நிறுத்தி, ஒரு வாரம் கழித்தே நீர் ஊற்ற வேண்டும். அழுகிய பழைய மண்ணை மீண்டும் பயன்படுத்தக்கூடாது.

இலையை அறுக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செடி நன்கு முதிர்ந்தபின், வெளிவரிசையில் உள்ள இலையை அடியோடு அறுக்க வேண்டும். அறுத்ததும் வெட்டுவாயிலிருந்து மஞ்சள் நிறப் பால் வடியும். இது சோறு அன்று. தோலுக்கும் சோற்றுக்கும் இடையே ஓடும் மிகக் கசப்பான வேறொரு சாறு. இதைக் காய்ச்சி உலர்த்தினால் கிடைக்கும் கரிய கட்டியைத் தமிழில் கரியபோளம், மூசாம்பரம் என்றும், மலாய்மொழியில் ‘ஜாடாம்’ என்றும் அழைப்பர். அதில் உள்ள அலோயின் என்ற பொருள் கடுமையாகப் பேதியாக்கும். வயிற்று வலியை உண்டாக்கும். கருவுற்ற பெண்களும் சிறு பிள்ளைகளும் அதை உட்கொள்ளவே கூடாது. மருத்துவர் சீட்டின்றி விற்கப்படும் மலமிளக்கிகளில் இதைச் சேர்ப்பதை அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2002ஆம் ஆண்டில் நிறுத்தியது. அதன் பாதுகாப்பை மெய்ப்பிக்கும் சான்றுகள் போதிய அளவில் அளிக்கப்படவில்லை என்பதே காரணம். ‘இயற்கையானது, ஆகவே தீங்கில்லை’ என்று இலையை அப்படியே அரைத்துக் குடிப்பவர்கள் இந்தப் பாலையும் சேர்த்தே குடிக்கிறார்கள்.

அறுத்த இலையை ஒரு குவளையில் வெட்டுவாய் கீழ்நோக்கி இருக்குமாறு கால் மணி நேரம் நிறுத்தினால் பெரும்பகுதிப் பால் வடிந்துவிடும். பிறகு முள் ஓரங்களையும் தோலையும் சீவி, சோற்றைப் பலமுறை நீரில் அலச வேண்டும். தோலில் பூசுபவர்களும் முதலில் முன்கையில் சிறிது தடவி, ஒரு நாள் பார்த்துவிட்டுப் பூசுவது நல்லது. சிலருக்கு ஒவ்வாமை ஏற்படும். இலேசான வெயில் எரிச்சலுக்கு அது குளிர்ச்சி தரும். ஆனால், கொதிநீர் கொட்டிக் கொப்புளம் எழுந்த புண்ணுக்கும் ஆழமான வெட்டுக் காயத்துக்கும் கற்றாழை மருந்தன்று. அத்தகைய புண்ணைக் குழாய்நீரில் நன்றாகக் குளிர வைத்துவிட்டு மருத்துவகத்துக்குச் செல்ல வேண்டும்.

இத்தனை கட்டுப்பாடுகளும் சரியாக அமைந்தால், ஓரிரு ஆண்டுகளில் தாய்ச்செடியின் அடியில் சிறு கன்றுகள் எட்டிப் பார்க்கும். வாழையைப்போலவே கற்றாழையும் பக்கக்கன்றுகளால்தான் பெருகுகிறது. இலையை ஒடித்து மண்ணில் செருகினால் அது வேர் விடாமல் அழுகுவதே வழக்கம். கன்று ஒரு விரலைவிடச் சற்றே நீண்டு, தனக்கென வேர் விட்டபின், சாடியைக் கவிழ்த்து மெதுவாகப் பிரித்தெடுக்கலாம். பிரித்த கன்றை இரண்டு மூன்று நாள் நிழலில் உலரவிட்டே நட வேண்டும். ஒரு சாடியில் ஒரே நேரத்தில் ஐந்தாறு கன்றுகள் வருவதால், வைக்க இடமில்லாத வரிசை வீட்டார் அவற்றை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிடுவார்கள். சுங்கை வேயில் தமிழர் வீட்டுக் கன்று சீனர் வீட்டு வாசலிலும், அங்கிருந்து மலாய்க்காரர் வீட்டு வாசலிலும் வளர்ந்தால் வியப்பில்லை. கன்றைக் கொடுக்கும்போது கூடவே சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்றுதான்: நட்ட பிறகு ஒரு வாரத்துக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.